முன்சக்கரம் தரையைத் தொடும் வரை: ஈவல் கினீவலின் கதை



பைக் சாவி கையில் இருக்கிற யாரையும் கேட்டுப் பாருங்க, வீலிங் அடிக்கணும்னு ஒரு தடவையாவது நினைச்சிருப்பாங்க. செகண்ட் ஹேண்ட் 150 சிசி வச்சிருக்கிறவருக்கும் அந்த ஆசை உண்டு, அப்பாவை நச்சரிச்சு ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கினவருக்கும் உண்டு. ஆசைப்படுறது தப்புன்னு சொல்ல இந்தக் கட்டுரை வரலை. அதே ஆசையோட ஆரம்பிச்சு, ஒரு காலத்துல உலகத்துலேயே அதிகம் பேசப்பட்ட பைக் ஓட்டியா ஆன ஒருத்தரோட கதையைச் சொல்லத்தான் வந்திருக்கோம்.

அவர் பெயர் ராபர்ட் கிரெய்க் கினீவல். உலகத்துக்கு ஈவல் கினீவல். வெள்ளை லெதர் உடை, அதில் நட்சத்திரங்கள் பதித்த நீலப் பட்டை, பின்னால் பறக்கும் சின்ன அங்கி. படத்தைப் பார்த்தால் நீங்களே அடையாளம் கண்டுக்குவீங்க. வரிசையா நிற்கும் கார்களையும் பஸ்களையும் பைக்கில் தாண்டுவார். ஒவ்வொரு தாண்டலுக்கும் முன்னாடி மைதானத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீலிங் அடித்துக் கூட்டத்தைச் சூடேற்றுவார்.

பியூட் நகரத்துப் பையன்

1938 அக்டோபர் 17 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள பியூட் என்ற ஊரில் பிறந்தார். பியூட் ஒரு செம்புச் சுரங்க நகரம். பெற்றோர் சீக்கிரமே பிரிந்துவிட, தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். எட்டு வயதில் ஜோயி சிட்வுட் என்பவரின் கார் சாகசக் காட்சியைப் பார்க்கப் போனார். அன்னைக்கு மனசுல விழுந்த விதை, முளைக்க இருபது வருஷம் ஆச்சு.

பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. பாதியிலேயே விட்டுவிட்டு அனகோண்டா சுரங்கக் கம்பெனியில் வேலைக்குப் போனார். அங்கே அவரைப் பற்றி இன்று வரை சொல்லப்படும் ஒரு கதை இருக்கிறது. மண் அள்ளும் ராட்சத வண்டியை ஓட்டக் கொடுத்திருக்கிறார்கள். நம்ம ஆள் சும்மா இருப்பாரா? பைக் மாதிரி அதோட முன்பக்கத்தைத் தூக்கிக் காட்டப் பார்த்திருக்கார். தூக்கியாச்சு, நிறுத்தத் தெரியலை. வண்டி நேரா போய் ஊரின் பிரதான மின்கம்பியில் மோத, பியூட் நகரமே மணிக்கணக்கில் இருட்டில் கிடந்ததாம். வேலை போச்சு.

கேட்கும்போது சிரிப்புதான் வரும். ஆனா அவரோட வாழ்க்கை முழுக்க இந்த ஒரே காட்சிதான் வேற வேற ரூபத்தில் திரும்பத் திரும்ப வரப் போகுது. மனசுல வச்சுக்குங்க.

1956-ல் போலீஸ் துரத்தலில் பைக்கை மோதவிட்டு, தாறுமாறாக ஓட்டியதற்காக ஒரு ராத்திரி லாக்கப்பில் இருந்தார். அங்கே ஏற்கெனவே நோஃபல் என்ற ஒருவர் இருந்தார். அவர் பெயருக்கு எதுகையாக ஒரு பட்டப்பெயர் உண்டு. அதே பாணியில் கினீவலுக்கும் காவலர் ஒரு பட்டம் கட்டினார், கெட்டவன் என்ற பொருளில். அதுதான் ஈவல். பின்னாளில் கெட்டவன் என்ற அர்த்தம் வர வேண்டாம் என்று எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, பெயரை வைத்துக்கொண்டார் என்பார்கள்.

அதுக்கப்புறம் பனிச்சறுக்கு, ஐஸ் ஹாக்கி, இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை என்று எல்லாம் ஒரு கை பார்த்தார். பாலிசி விற்பதில் கெட்டிக்காரர். ஆனா சேர்ந்த சில மாதத்திலேயே தன்னைக் கம்பெனியின் துணைத் தலைவர் ஆக்கணும்னு கேட்டார். முடியாதுன்னதும் கிளம்பிட்டார்.

பள்ளிக்கூட வயசு வாத்தியார்

1960-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் மோசஸ் லேக் என்ற ஊரில் ஹோண்டா டீலர்ஷிப் ஒன்றை நடத்தினார். ஜப்பான் பைக்கை அமெரிக்கர்கள் இளக்காரமாகப் பார்த்த காலம் அது. கை மடக்கும் போட்டியில் தன்னை ஜெயிப்பவருக்கு 100 டாலர் தள்ளுபடி என்றெல்லாம் அறிவித்துப் பார்த்தார். வியாபாரம் எடுபடவில்லை, கடையை மூடினார்.

அதன் பிறகு அதே மாநிலத்தில் சன்னிசைடு என்ற ஊரில் டான் பொமராய் என்பவரின் பைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடைக்காரருக்கு ஜிம் என்று ஒரு மகன். பன்னிரண்டு, பதிமூணு வயசு இருக்கும். கினீவலுக்கோ இருபத்தாறு, இருபத்தேழு. கல்யாணமாகிக் குழந்தைகளும் இருந்தன. அந்தப் பையன்தான் கினீவலுக்கு வீலிங் கற்றுக்கொடுத்தான். ஓடும் பைக்கின் சீட் மேல் எழுந்து நிற்கவும் அவனே சொல்லிக்கொடுத்தான்.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. உலகத்தின் மிகப் பெரிய பைக் சாகசக்காரருக்கு வீலிங் பிறவியிலேயே வந்துடலை. அவரும் ஒரு பிகினர்தான். கூச்சப்படாமல் ஒரு பள்ளிக்கூடப் பையனிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். அந்த ஜிம் பொமராய் பின்னாளில் சாதாரண ஆளாக இருக்கவில்லை. 1973-ல் ஸ்பெயினில் நடந்த 250 சிசி மோட்டோகிராஸ் கிராண்ட் ப்ரீயில் ஜெயித்தார். உலக மோட்டோகிராஸ் சாம்பியன்ஷிப்பில் ஒரு கிராண்ட் ப்ரீயை வென்ற முதல் அமெரிக்கர் அவர்தான். சின்ன வயசுல இருந்து மண்ணில் விழுந்து எழுந்து, முன்சக்கரம் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் என்ன நடக்குதுன்னு உடம்பால் கற்றவர்.

வாத்தியாரும் மாணவரும் ஒரே வித்தையைத்தான் கையில் வைத்திருந்தார்கள். ஆனா போன வழி வேற.

கொஞ்சம் மெக்கானிக்ஸ்

ஃபர்ஸ்ட் இயர் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் பேப்பரை நாம எல்லாரும் எப்படியோ தேத்திட்டு வந்தவங்கதான். அந்த ஃப்ரீ பாடி டயகிராமை இப்போ வெளியே எடுங்க.

ஒரு பைக், மேலே ஒரு ஆள். இரண்டுக்கும் சேர்த்து எடைமையம் ஒரு புள்ளி. கணக்குக்கு வசதியாக, அந்தப் புள்ளி பின்டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து 70 செ.மீ முன்னால், 70 செ.மீ உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். எடை முன்பக்கத்தைக் கீழே அழுத்துகிறது. முடுக்கம் அதை மேலே தூக்கப் பார்க்கிறது. பின்டயர் தொடும் இடத்தைச் சுற்றி மொமென்ட் எடுத்தால், முன்சக்கரம் தரையை விட்டு எழுவதற்குக் கிட்டத்தட்ட 1 ஜி முடுக்கம் வேண்டும். அதாவது 0-விலிருந்து 100 கி.மீ வேகத்தை மூன்று வினாடிக்குள் தொடும் அளவு. லிட்டர் பைக் அதைச் சாதாரணமாகக் கொடுக்கும். 150 சிசியால் அதில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தாலே பெரிய விஷயம். அதனால்தான் சின்ன பைக்கில் கிளட்ச்சைப் பிடித்து, ஆர்பிஎம்மை ஏற்றி, படக்கென்று விடுகிறார்கள். பின்னால் தள்ளி உட்கார்ந்து, ஹேண்டில்பாரை இழுக்கிறார்கள்.

இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சிக்கல் இனிமேதான்.

முன்பக்கம் எழ எழ, எடைமையம் உயரே போகுது, அதோட பின்டயரை நோக்கியும் நகருது. எதிர்த்து அழுத்தும் மொமென்ட் குறையுது. நம்ம கணக்குப்படி, ஆரம்பத்துல 1 ஜி தேவைப்பட்ட இடத்தில், 30 டிகிரி எழுந்த பிறகு கால் ஜி பக்கம்தான் தேவை. 45 டிகிரியில் தேவை பூஜ்யம். எடைமையம் பின்டயருக்கு நேர் மேலே வந்துவிடும். இதைத்தான் பேலன்ஸ் பாயின்ட் என்கிறார்கள். அதைத் தாண்டினால் பைக்கின் எடையே உங்களைப் பின்னால் கவிழ்க்கும்.

ஆக, தூக்குவதற்கு முறுக்கிய அதே ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்திருந்தால் என்ன ஆகும்? தேவை குறைஞ்சுக்கிட்டே வருது, நீங்க கொடுக்கிறது குறையலை. மிச்சம் முழுக்க பைக்கைச் சுழற்றத்தான் போகும். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு ஒரே வார்த்தை போதும்: அன்ஸ்டேபிள். முதல் தடவை வீலிங் அடிக்கிறவங்க மல்லாக்க விழுறதுக்குப் பயமோ துணிச்சல் குறைவோ காரணம் இல்லை. சரியா தூக்கினதே காரணம்.

அப்போ காப்பாற்றுவது எது? வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் பின்பிரேக். முன்பக்கம் வானத்தைப் பார்க்கும்போது பின்பிரேக்கை லேசாகத் தொட்டால், மொமென்ட் எதிர்த்திசையில் வேலை செய்து முன்சக்கரம் கீழே வரும். அதனால் முறையாகக் கற்றுக்கொடுப்பவர்கள் முதல் நாள் உயரத்தைச் சொல்லித் தருவதே இல்லை. மூடின மைதானம், ஃபர்ஸ்ட் கியர், ஹெல்மெட்டிலிருந்து பூட்ஸ் வரை முழுக் கவசம், கால் பின்பிரேக் மேலேயே. முன்சக்கரம் ஒரு சாண் எழுந்தால் போதும், உடனே பிரேக்கைத் தொட்டு இறக்கு. திரும்ப ஒரு சாண், திரும்ப இறக்கு. கால் யோசிக்காமல் தானாகப் பிரேக்கைத் தொடும் வரை இதேதான். உயரம் அப்புறம் தானா வரும்.

இறக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் தூக்க வேண்டும். கினீவல் வாழ்க்கை இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்ட கதை.

பாம்புப் பெட்டி

வீலிங் கைவந்ததும் பழைய சிட்வுட் காட்சி ஞாபகம் வந்தது. குடும்பத்தைக் காப்பாற்றக் காசு வேணும். தானே இடம் பிடித்து, தானே டிக்கெட் விற்று, தானே மைக்கில் அறிவித்து ஒரு காட்சி நடத்தினார். முதலில் சில வீலிங். பிறகு விறுவிறுப்பான பாம்புகள் நிறைந்த நீளமான பெட்டியையும் இரண்டு மலைச்சிங்கங்களையும் தாண்டுவதாக அறிவிப்பு. கிளம்பினார், பறந்தார். தூரம் போதவில்லை. பின்சக்கரம் பாம்புப் பெட்டியின் ஓரத்தில் இடித்தது. எப்படியோ விழாமல் சமாளித்துவிட்டார்.

முதல் தாண்டலிலேயே இறங்கும் இடம் தவறிப் போனதைக் கவனிச்சீங்களா? ஆனா கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டல் அவருக்கு ஒரு தப்பான பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கும்.

1966-ல் குழு அமைத்து ஊர் ஊராகப் போனார். பிறகு தனியாகவே தொடர்ந்தார். கார்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 1967 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கார்டீனாவில் 15 கார்களைத் தாண்டினார். அதே வருடம் ஜூலையில் வாஷிங்டன் மாநிலத்தின் கிரஹாமில் 16 வண்டிகள். கடைசி வண்டியில் மோதித் தூக்கி எறியப்பட்டார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்து, ஆகஸ்டில் அதே இடத்தில் மறுபடியும் முயன்றார், மறுபடியும் விழுந்தார்.

நீரூற்றுக்கு மேலே

லாஸ் வேகாஸில் சீஸர்ஸ் பேலஸ் ஹோட்டல் வாசலில் இருந்த நீரூற்றுகளைப் பார்த்ததும் அதைத் தாண்டியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தார். ஹோட்டல் தலைவரைப் பிடிக்க அவர் செய்த வேலை ஒரு தனி சினிமா. வக்கீல் என்றும், டிவி ஆள் என்றும், பத்திரிகைக்காரர் என்றும் குரலை மாற்றி மாற்றிப் போன் போட்டு, கினீவல் என்று ஒருவர் தாண்டப் போகிறாராமே என்று விசாரித்தார். கடைசியில் அனுமதி கிடைத்தது.

1967 டிசம்பர் 31. ட்ரையம்ஃப் பைக். தாண்ட வேண்டிய தூரம் 141 அடி, அதாவது சுமார் 43 மீட்டர். ஏறும் சாய்தளத்தைத் தொட்ட நேரத்தில் பைக்கின் வேகம் எதிர்பாராமல் குறைந்தது போல இருந்தது என்று பின்னாளில் சொன்னார். பறந்தார். நீரூற்றைத் தாண்டியாச்சு. இறங்கும் சாய்தளத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே விழுந்தார். ஹேண்டில்பார் கையை விட்டுப் பிய்ந்து போனது. தரையில் உருண்டு உருண்டு பக்கத்து ஹோட்டலின் கார் நிறுத்தம் வரை போனார். இடுப்பெலும்பு, தொடையெலும்பு, மணிக்கட்டு, இரண்டு கணுக்கால்கள் எல்லாம் நொறுங்கின. நீண்ட நாள் ஆஸ்பத்திரி வாசம்.

கொஞ்சம் முன்னாலன்னா எவ்வளவு? நாமளே போட்டுப் பார்ப்போம். காற்றுத் தடையை விடுங்க. சாய்தளம் 20 டிகிரின்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குங்க. 43 மீட்டர் தாண்ட மணிக்குச் சுமார் 92 கி.மீ வேகம் வேணும். 90-ல் போனால்? தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 2 சதவீதம் குறைஞ்சா தூரம் 4 சதவீதம் குறையும். கிட்டத்தட்ட 2 மீட்டர் பற்றாக்குறை. ஸ்பீடோமீட்டர் முள் லேசா அசையுற அளவுக்கு ஒரு வித்தியாசம், அதுல ஒரு மனுஷனோட இடுப்பு போச்சு.

இன்னொன்று. அந்த வேகத்தில் கீழே வரும்போது செங்குத்து வேகம் மட்டும் மணிக்கு 31 கி.மீ இருக்கும். சமதளத்தில் விழுந்தால் ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்திலிருந்து குதித்ததற்குச் சமம். அதே பைக் இறங்கும் கோணத்துக்கு ஏற்ற சாய்தளத்தில் வந்து உட்கார்ந்தால், அடி பெரும்பாலும் வழுக்கிப் போய்விடும். இறங்கும் சாய்தளம்தான் அங்கே உயிர் காக்கும் கருவி. இன்றைய மோட்டோகிராஸ் பைக்கில் சஸ்பென்ஷன் 30 செ.மீ அளவுக்கு அமுங்கிக் கொடுக்கும். அவர் ஓட்டிய பைக்குகளில் அந்தப் பாக்கியம் கிடையாது. அவர் பெரும்பாலும் கணக்குப் போடாமல், கண் அளவிலும் கை அனுபவத்திலும்தான் தாண்டினார்.

இந்த விபத்துதான் அவரை உலகப் புகழ் ஆக்கியது என்பது வினோதம். விழுந்த காட்சி ஃபிலிமில் பதிவாகியிருந்தது. ஏபிசி டிவி அதை விலை கொடுத்து வாங்கி ஒளிபரப்பியது. ஒரு மனிதன் துணி பொம்மை போல உருளுவதை நாடே திரும்பத் திரும்பப் பார்த்தது. தாண்டி முடித்திருந்தால் இவ்வளவு பேர் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். இன்னைக்கு ரீல்ஸ்ல எந்த வீடியோவுக்கு வியூஸ் அதிகம்னு யோசிச்சுப் பாருங்க. ஐம்பது வருஷத்துல கூட்டம் மாறலை, திரைதான் சின்னதாச்சு.

பாராசூட் முந்திக்கொண்டது

அடுத்து கிராண்ட் கேன்யனைத் தாண்டப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அரசு அனுமதி தரவில்லை. இடாஹோ மாநிலத்தில் ட்வின் ஃபால்ஸ் அருகே ஸ்நேக் நதிப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தார். அகலம் சுமார் அரை கிலோமீட்டர். பைக் போதாது. ராபர்ட் ட்ரூவாக்ஸ் என்ற ராக்கெட் எஞ்சினியர் நீராவியில் இயங்கும் ஒரு வண்டியை வடிவமைத்தார். பெயருக்குத்தான் சைக்கிள், உண்மையில் ராக்கெட்.

ஆளில்லாமல் விட்ட சோதனைகள் ஆற்றில் விழுந்தன. நம்ம லேப்ல டெஸ்ட் ஃபெயில் ஆனா என்ன செய்வோம்? காரணம் கண்டுபிடிச்சு, சரி பண்ணி, மறுபடி டெஸ்ட் பண்ணுவோம். ஆனா டிக்கெட் விற்றாகிவிட்டது, தேதி அறிவித்தாகிவிட்டது. 1974 செப்டம்பர் 8 அன்று கினீவல் அதில் ஏறி உட்கார்ந்தார். கிளம்பும்போதே பாராசூட் வெளியே வந்துவிட்டது. பள்ளத்தாக்கின் குறுக்கே போன ராக்கெட்டைக் காற்று திரும்ப இந்தப் பக்கமே தள்ளிக்கொண்டு வந்து ஆற்றோரப் பாறைகளில் போட்டது. சில அடி தள்ளித் தண்ணீரில் விழுந்திருந்தால், கட்டிய பெல்ட்டைக் கழற்ற முடியாமல் மூழ்கியிருப்பார்.

நாற்பத்திரண்டு வருடம் கழித்து, 2016 செப்டம்பரில், எடி பிரவுன் என்ற சாகசக் கலைஞர் அதே பள்ளத்தாக்கை அதே மாதிரியான நீராவி ராக்கெட்டில் தாண்டினார். கட்டிக்கொடுத்தவர் ட்ரூவாக்ஸின் மகன். அப்பாவின் வடிவமைப்பு சரியானது என்று நிரூபிக்க ஆசைப்பட்ட பிள்ளை. நிரூபித்தும்விட்டார். ஏவுவதில் குறையே இல்லை, இறக்குவதற்கு வைத்த பாராசூட்தான் அன்று கவிழ்த்தது.

13 பஸ், 14 பஸ்

1975 மே 26, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம். 13 பஸ்கள். ஹார்லி டேவிட்சன் எக்ஸ்ஆர் 750, 130 கிலோவுக்கு மேல் எடை. தாண்டிவிட்டார் என்று நினைக்கும் நேரத்தில் இறங்கும் இடத்தில் மோதி விழுந்தார். இடுப்பு மறுபடியும் உடைந்தது. ஸ்ட்ரெச்சரில் போக மறுத்து, மைக்கைப் பிடித்து இனிமேல் தாண்ட மாட்டேன் என்று அறிவித்துவிட்டு, மற்றவர்கள் தாங்கிக்கொள்ள நடந்தே வெளியேறினார்.

அந்த வார்த்தை ஐந்து மாதம்தான் தாங்கியது. அக்டோபர் 25 அன்று ஓஹையோ மாநிலத்தின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 14 பஸ்களை, 133 அடி தூரத்தைத் தாண்டினார். அதிலும் பாருங்க, கடைசி பஸ்ஸுக்கு மேல் போட்டிருந்த பாதுகாப்புத் தளத்தில்தான் சக்கரம் பட்டது. அந்தப் பலகை இல்லைன்னா கதையே வேற. அவரோட மிகப் பெரிய வெற்றியைக் காப்பாத்தினது, தூரம் குறைந்தால் என்ன ஆகும் என்று யாரோ முன்கூட்டியே யோசித்துப் போட்ட ஒரு தளம்.

1977 ஜனவரியில் சிகாகோவில் சுறாக்கள் விட்ட தொட்டியைத் தாண்டும் ஒத்திகை. கட்டுப்பாடு இழந்து விழுந்தார். அவருக்கு எலும்பு முறிவு. கூடவே அங்கே நின்றிருந்த ஒரு கேமராமேனுக்கும் அடி. தனக்கு விழுந்த அடிகளை எல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவரை இந்த அடி உலுக்கிவிட்டது. பெரிய தாண்டல்களைக் குறைத்துக்கொண்டார்.

கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயரில் 433 எலும்பு முறிவுகள் என்று போட்டார்கள். மனித உடம்பில் மொத்தமே 206 எலும்புதான். எண்ணிக்கையில் சந்தேகப்படுபவர்கள் உண்டு. ஆனால் அவருடைய எக்ஸ்ரேக்களைப் பார்த்த யாரும் அவரைப் பொய்யர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

பைக்கை விட்டு இறங்கியபோது

உச்சத்தில் இருந்தபோது அவர் பெயரில் வந்த சாவி கொடுத்து ஓட்டும் பொம்மை பைக் கடைகளில் பறந்தது. அமெரிக்கா முழுக்கப் பிள்ளைகள் செங்கல் மேல் பலகையைச் சாய்த்துச் சைக்கிளில் தாண்டிப் பார்த்தார்கள். பணம் கொட்டியது. வந்த வேகத்தில் போனது.

1977 செப்டம்பரில் புகழிலிருந்தும் தவறி விழுந்தார். ஸ்நேக் நதிக் காட்சிக்கு விளம்பர வேலை பார்த்த ஷெல்லி சால்ட்மன் ஒரு புத்தகம் எழுதினார். அது தன்னைக் கேவலப்படுத்துகிறது என்று சொல்லி, பேஸ்பால் மட்டையால் அவரை அடித்துக் கையை உடைத்தார் கினீவல். ஆறு மாதச் சிறைத் தண்டனை. பொம்மைக் கம்பெனி கைவிட்டது, ஹார்லி கைவிட்டது. 1981-ல் சால்ட்மனுக்குப் பெருந்தொகை தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை.

கல்லீரலைப் பாதிக்கும் ஹெபடைடிஸ் சி அவரைப் பிடித்தது. அத்தனை ஆபரேஷன்களில் ஏதோ ஒன்றில் ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கும் என்று நம்பினார். 1999-ல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை. பிறகு நுரையீரல் நோய். மூச்சு விடுவதே பாரமாகி, 2007 நவம்பர் 30 அன்று ஃபுளோரிடாவில் 69 வயதில் இறந்தார். பிறந்த பியூட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் ஓட்டிய எக்ஸ்ஆர் 750 இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அவர் விடாமல் சொன்ன ஒரே விஷயம்

பேச்சு மாறாத மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. இனி தாண்ட மாட்டேன் என்றார், தாண்டினார். ஆனால் ஒரு விஷயத்தில் கடைசி வரை மாறவில்லை: ஹெல்மெட். சீஸர்ஸ் பேலஸில் தலை தரையில் அடித்தபோது உயிரைக் காப்பாற்றியது அதுதான் என்று அவருக்குத் தெரியும். தான் ஹெல்மெட் இல்லாமல் சாகசம் செய்வதைப் பார்த்தவர்களுக்குப் பரிசு தருவதாகக்கூட அறிவித்தார். 1987-ல் கலிஃபோர்னியாவில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் மசோதாவுக்கு ஆதரவாகச் சட்டசபைக் குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தார். அங்கே அந்தச் சட்டம் 1992-ல் நடைமுறைக்கு வந்தது.

உடம்பு முழுக்கத் தகடும் ஸ்க்ரூவுமாக நடந்த ஒரு மனிதர், தலையை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னால், அதைவிடப் பெரிய எக்ஸ்பெரிமென்டல் ரிசல்ட் நமக்கு வேண்டுமா? நம்ம மோட்டார் வாகனச் சட்டமும் 129-ஆம் பிரிவில் அதையேதான் சொல்லுது. அபாயகரமா ஓட்டினா 184-ஆம் பிரிவு காத்திருக்கு. ரோட்டில் நீங்க மட்டும் போகலை என்பதைச் சட்டத்துக்கு முன்னாடி அந்த கேமராமேன் ஞாபகப்படுத்தட்டும்.

கடைசியா, உங்களிடம்

கழைக்கூத்தாடிகள் ஊர் ஊரா வந்த காலத்துலேயே நம்ம பெரியவங்க ஒண்ணு சொல்லி வச்சாங்க: கரணம் தப்பினால் மரணம். அந்தக் கூத்தாடிக் குடும்பத்துப் பிள்ளை கயிற்றில் ஏறுவதற்கு முன்னாடி, கீழே எப்படி விழணும்னுதான் முதல்ல கத்துக்கும். வித்தையோட வரிசை அது.

கினீவலோட துணிச்சலை யாரும் குறைச்சுச் சொல்ல முடியாது. உடைஞ்ச இடுப்போட எழுந்து நடந்த மனுஷன். ஆனா அவரோட விபத்துகளை வரிசையா வச்சுப் பாருங்க. சுரங்க வண்டி, பாம்புப் பெட்டி, நீரூற்று, ராக்கெட், வெம்ப்ளி. எல்லாத்துலயும் ஏறுனது நல்லாத்தான் ஏறுச்சு. இறங்கும் பக்கத்துக்கு வேண்டிய கணக்கும், சோதனையும், பொறுமையும்தான் பத்தலை. பணமும் புகழும் வந்தப்பவும் அதே கதைதான்.

அதனால, மனசுக்குள்ள அந்த ஆசை இன்னும் இருந்தா, மூடின மைதானத்தையும் தெரிஞ்ச ஆளையும் தேடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு பேப்பரை எடுத்து உங்க பைக்கோட வீல்பேஸை எழுதுங்க, எடைமையத்தைக் குறிங்க, பேலன்ஸ் பாயின்ட் எத்தனை டிகிரின்னு கண்டுபிடிங்க. அப்புறம் உங்க வலது காலைக் கேளுங்க, பின்பிரேக் எங்கே இருக்குன்னு பார்க்காமலே தெரியுமான்னு. கால் யோசிச்சுதுன்னா, முன்சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். பைக் எங்கேயும் போயிடாது.

அடுத்த இதழில் வேறொரு மனிதரோடு சந்திப்போம். ஹெல்மெட் கிளிப்பை மாட்டிட்டுக் கிளம்புங்க!